குட்டைப் பெரிய எழுத்து

நம் பள்ளி வகுப்பின் நினைவு மலருக்கான மாதிரிப் பக்கங்களை நம் வாட்ஸ்அப் குழுவில் போட்ட அரை மணி நேரத்துக்குள் இவ்வளவு கூச்சல் கிளம்பும் என்று நான் நினைக்கவில்லை. "நம்ம பேரெல்லாம் ஏன் இப்படி அடங்கி ஒடுங்கி நிக்குது?" என்று கேட்டாள் ஒருத்தி. "இத்தனை வருஷம் கழிச்சு ஒரு புஸ்தகம் போடறோம், கொஞ்சம் எடுப்பாப் போடக் கூடாதா?" என்றான் துபாயிலிருந்து ஒருவன். மருத்துவராகிவிட்ட நம் கடைசி பெஞ்சுக்காரன், தன் பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்தும் பின்னால் ஏழெட்டு எழுத்தும் வேண்டும் என்று தனியாகவே அழைத்துச் சொன்னான். கணக்குப் பரீட்சையில் என்னைப் பார்த்து எழுதியவன் அவன். இருக்கட்டும்.

பக்கம் அமைப்பதுதான் என் பிழைப்பு என்பதால் இந்த வேலையை என் தலையில் கட்டினீர்கள். பெயர்களை எப்படிப் போடுவது என்பதையும் என்னிடமே விட்டிருக்கலாம். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று இரண்டு வகையை நாம் படித்தோம். மூன்றாவதாக ஒன்று உண்டு. உருவம் பெரிய எழுத்தினுடையது, உயரம் சின்ன எழுத்தினுடையது. தொழிலில் ஸ்மால் கேப்ஸ் என்பார்கள். என் அத்தை அதற்கு வைத்த பெயர் குட்டைப் பெரிய எழுத்து. நம் மலரின் ஆங்கிலப் பெயர்ப் பட்டியலில் எல்லோர் பெயரையும், முதலெழுத்து உட்பட, அதில்தான் அமைத்திருக்கிறேன். ஏன் என்று சொல்வதற்கு எனக்கு ஒரு மழைக்காலம் தேவைப்படுகிறது. நம் எல்லோருக்கும் இப்போது மூட்டுவலியும் கொஞ்சம் ஓய்வும் இருக்கிறது, பொறுமையாகப் படிக்கலாம்.

நாம் ஏழாம் வகுப்பு படித்த வருஷத்து ஐப்பசி உங்களுக்கு நினைவிருக்கும். தீபாவளிக்கு வாங்கிய பட்டாசெல்லாம் நமுத்துப்போய் ஒன்றுகூட வெடிக்காத வருஷம். கலெக்டர் ஒவ்வொரு நாளாகப் பள்ளிக்கு லீவு விட்டுக்கொண்டே போனார். எங்கள் தேயிலை எஸ்டேட்டுக்குப் போகும் ரோட்டில் மண் சரிந்து, அதன் மேல் இரண்டு கற்பூர மரங்களும் விழுந்து, பஸ் நின்றுவிட்டது. சரிந்த அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அப்பாவும் அம்மாவும் மலைக்கு அந்தப் பக்கம், நான் குன்னூரில். அதனால் அத்தையோடு தங்கினேன். ரோடு திறக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான மாதம் அதற்குப் பிறகு வரவில்லை.

அத்தை என் அப்பாவின் தங்கை. அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும், கல்யாணம் ஆகவில்லை. சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம் எங்களுடையது. அப்பா படித்து எஸ்டேட் ஆபீசில் சின்ன கிளார்க் ஆனார். அத்தை எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டே, மாலை நேரங்களில் பஸ் பிடித்து இறங்கி வந்து டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டவள். பிறகு கூடையை இறக்கி வைத்துவிட்டு, கீழ்க்கடை வீதியில் ஒரு பாய் நடத்திய அச்சகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். அச்சகத்துக்கு மேலேயே ஒரு அறையில் இருந்தாள்.

அந்த வருஷம் பாய் கோயம்புத்தூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டரும் லேசர் பிரிண்டரும் கொண்டுவந்திருந்தார். பிடித்தால் வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் திருப்பிவிடலாம் என்று பேச்சு. அதே நேரத்தில் எங்கள் எஸ்டேட்டுக்கு நூறு வயது முடிந்தது என்று ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் கொண்டுவர எஸ்டேட் மேனேஜர் நினைத்தார். மேனேஜரை எல்லோரும் துரை என்றுதான் சொல்வார்கள். வெள்ளைக்காரர்கள் போய் எத்தனையோ வருஷம் ஆகியும் அந்தச் சொல் மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை. அந்த வேலை பாயிடம் வந்தது. அவர் அத்தையிடம் பேசியபோது நான் மேசைக்கு அடியில் உட்கார்ந்து வர்க்கி தின்றுகொண்டிருந்தேன்.

"தங்கச்சி, இந்த ஒரு புக்கை நல்லபடியா முடிச்சுக் குடுத்துருங்க. மிஷினு இங்கயே இருக்கும், நீங்களும் அதோட இருப்பீங்க. மாடி பூராவும் உங்க பொறுப்பு" என்றார் பாய். கொஞ்சம் நிறுத்தி, தாடியைத் தடவிக்கொண்டு, "சரியா வரலைன்னா இதைத் திருப்பி அனுப்பிச்சுருவேன். இல்ல, ஓட்டத் தெரிஞ்ச ஆளு ஒருத்தரைக் கோயம்புத்தூர்ல இருந்து கூட்டியாருவேன். மனசுல வெச்சுக்காதீங்க, யாவாரம்ங்க" என்றார்.

அத்தைக்கு இதுதான் சங்கதி. புத்தகம் சரியாக வந்தால் குன்னூர், மாடி, எழுத்து. வராவிட்டால் எஸ்டேட். அங்கே தொழிலாளர் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தில் அவளுக்காக அப்பா ஓர் இடம் பேசி வைத்திருந்தார். "எனக்குப் புள்ளைகளப் புடிக்கும் புள்ள. ஆனா எழுத்துதான் வேணும்" என்று அத்தை என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, அழுத பிள்ளைக்குக் கொடுப்பது போல எனக்கு இன்னொரு வர்க்கி கொடுத்தாள். அழ வேண்டியது யார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

அந்த மாடியை நான் கனவில் இன்னும் பார்க்கிறேன். ஜன்னல் சட்டம் மழையில் ஊதிப்போய் முழுதாக மூடாது. அந்த இரண்டு விரல் இடைவெளியில் மூடுபனி உள்ளே வரும், வந்து அறை நடுவில் கொஞ்ச நேரம் நிற்கும், யாரும் கவனிக்காததால் திரும்பிப் போய்விடும். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். கம்ப்யூட்டருக்கு அத்தை தன் பழைய வாயில் புடவையில் உறை தைத்திருந்தாள், நீலத்தில் வெள்ளைப் பூ. திரையின் பின்பக்கத்துத் துளைகளிலிருந்து வெதுவெதுப்பான காற்று வரும்; என் காலுறைகள் அங்கேதான் காயும். கீழே அச்சு இயந்திரம் ஓடும்போது தரை லேசாக அதிரும். ரயில் கூவும். பிரிண்டரிலிருந்து வரும் தாளை முதலில் தொடுவது நான். சுடச்சுட அதைக் கன்னத்தில் வைத்துக்கொள்வேன். மையும் சூடும் கலந்த அந்த வாசனையை எந்தக் கடையிலாவது விற்றால் இன்றும் வாங்குவேன்.

இன்னொரு வெளிச்சமும் அந்த அறையில் இருந்தது. ஃபிளாப்பிகளை ஒரு மரப்பெட்டியில் வைத்து, உள்ளே எப்போதும் ஒரு சின்ன பல்பை எரிய விட்டிருந்தாள் அத்தை. குன்னூர் ஈரத்தில் தோல் பெட்டி, கல்யாணப் புடவை, புத்தகம் எதுவும் தப்பாது என்று உங்களுக்குத் தெரியும். பூஞ்சை ஃபிளாப்பியையும் விடவில்லை. எழுத்துருக்கள் எல்லாம் மூன்று ஃபிளாப்பிகளில் வந்திருந்தன. மூன்றாவதன் மேல் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது.

துரை ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தை மாதிரிக்கு அனுப்பியிருந்தார். கெட்டி அட்டை, அந்துருண்டை வாசனை. "இதே மாதிரி இருக்க வேண்டும்" என்று ஒரு சீட்டும் உள்ளே இருந்தது. அத்தை அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தாள். கடைசிப் பக்கங்களில் பெயர்களின் பட்டியல் ஒன்று. அதைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள்.

"இங்க பாரு. இது பெரிய எழுத்துதானே?"

"ஆமா."

"அப்புறம் ஏன் பெரிய எழுத்து மாதிரிச் சத்தம் போடல?"

நான் பார்த்தேன். உண்மைதான். பெயர்கள் எல்லாம் கம்பீரமாக இருந்தன, ஆனால் எதுவும் பக்கத்தை விட்டு எகிறவில்லை. அத்தைக்கு அது என்ன எழுத்து என்று சொல்ல யாரும் இல்லை. தலையணை கனத்துக்கு ஒரு விளக்கப் புத்தகம் மட்டும் இருந்தது. அதை எழுத்துக்கூட்டிப் படித்து, இரண்டாம் நாள் மத்தியானம் ஸ்மால் கேப்ஸ் என்ற சொல்லைக் கண்டுபிடித்தாள். "குட்டைப் பெரிய எழுத்து!" என்று கத்தினாள். கீழே இருந்து பாய் என்னமோ ஏதோ என்று ஏறி வந்துவிட்டார்.

பெயரைச் சின்ன எழுத்தில் தட்டி, தேர்ந்தெடுத்து, ஸ்மால் கேப்ஸ் என்று சொன்னால் பக்கம் அமைக்கும் புரோகிராம் அதைக் குட்டைப் பெரிய எழுத்தாக்கிவிடும். பெரிய எழுத்தில் தட்டியிருந்தால் அதைத் தொடாது. அது அப்படியே தலை நீட்டிக்கொண்டு நிற்கும். இதை அத்தை எனக்குப் பாடமாகச் சொன்னாள். நான் பெருமையாகத் தலையாட்டினேன். பின்னாளில் இது எனக்கு எங்கே உதவாமல் போனது என்று கடைசியில் சொல்கிறேன்.

அவளுக்குத் திருப்தி வரவில்லை. புரோகிராம் செய்தது பெரிய எழுத்தை எழுபது சதவீதமாகச் சுருக்கியதுதான். சுருங்கிய எழுத்து மெலிந்துவிடும். மற்ற எழுத்துகளுக்கு நடுவில் அந்தப் பெயர்கள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவை போல இருந்தன. எழுபதை எழுபத்தைந்தாக்கினாள், எண்பதாக்கினாள், திரும்ப எழுபத்தெட்டுக்கு வந்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள், ஒவ்வொரு தாளும் என் கன்னத்துக்கு. உயரம் சரியாக வந்தது, கனம் வரவில்லை. அதே எழுத்துருவின் கொஞ்சம் தடித்த வகை வேண்டும். அது இருந்தது மூன்றாவது ஃபிளாப்பியில்.

நடுவில் ஒரு கூத்து. யாரோ ஒருவருடைய கல்யாணப் பத்திரிகை தமிழில் வந்தது. அத்தை ஆசையில் மாப்பிள்ளை வீட்டார் பெயர்களுக்கும் ஸ்மால் கேப்ஸ் போட்டுப் பார்த்தாள். அப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் ஒண்டுக் குடித்தனம் இருந்தன. சின்னதைப் பெரியதாக்கியதும் வீடு மாறி எல்லாம் குழம்பி, மாப்பிள்ளையின் பெயர் எந்த மொழியிலும் சேராத ஒன்றாகிவிட்டது. வாய்விட்டுப் படிக்கப் பார்த்தேன், நாக்கு புரளவில்லை. அத்தை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தமிழுக்கு இது வேணாம் புள்ள. அதுல யாரும் யாருக்கும் மேல நிக்கிறதில்ல" என்றாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த மழைக்காலத்தில்தான்.

ஃபிளாப்பியின் தகட்டை ஒதுக்கி, பஞ்சைக் குச்சியில் சுற்றி, ஸ்பிரிட்டில் தோய்த்து, உள்ளே இருந்த பழுப்பு வட்டத்தை விரலால் சுற்றிச் சுற்றித் துடைத்தாள். இரண்டு நாள் பல்பின் பக்கத்தில் காய வைத்தாள். மூன்றாம் நாள் செருகினாள். கர் கர் என்று அரைத்தது. நான் சாமி கும்பிட்டேன். கீழே பாயும் தன் பங்குக்கு ஏதோ ஓதினார் என்று பிறகு தெரிந்தது. ஒரே ஒரு முறை படித்தது. தடித்த எழுத்துரு கம்ப்யூட்டருக்குள் வந்து சேர்ந்தது. அதன் பிறகு அந்த ஃபிளாப்பி யார் கெஞ்சியும் வாய் திறக்கவில்லை. அத்தை அதை எனக்கு விளையாடக் கொடுத்தாள். ரொம்ப நாள் என் கணக்குப் புத்தகத்தில் வைத்திருந்தேன், எங்கேயோ போய்விட்டது.

புத்தகத்தின் கடைசியில் எஸ்டேட்டில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர்களின் பட்டியல், ஆங்கில அகரவரிசையில், வரிக்கு மூன்று பெயராக வர வேண்டும். அதற்கு ஆபீசிலிருந்து ஒரு பென்சில் குறிப்பு வந்தது. மேனேஜர்கள் பெயர் முழுப் பெரிய எழுத்தில். ஆபீஸ்காரர்கள் குட்டைப் பெரிய எழுத்தில். தொழிலாளர்கள் சாதாரண எழுத்தில். எஸ்டேட்டில் பங்களா மேலே, ஸ்டாஃப் வீடு நடுவில், லயன் வீடு பள்ளத்தில் இருப்பது போலத்தான். எங்கள் தாத்தா, அத்தையின் அய்யா, செடிகளைக் கவாத்து வெட்டியே முடிந்துபோனவர். அவர் பெயர் நாலாவது பக்கத்தில் சாதாரண எழுத்தில் வர வேண்டியிருந்தது.

அத்தை முதலில் குறிப்பில் இருந்தபடியே செய்தாள். தாளைச் சுவரில் ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். என்னையும் பார்க்கச் சொன்னாள்.

"என்னா தெரியுது?"

"பேரு."

"பேரப் பாக்காத. பச்சையப் பாரு. தோட்டத்தைப் பாக்குற மாதிரிப் பாரு. மட்டம் இருக்கா?"

எஸ்டேட்டில் வளராதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். தேயிலைச் செடியை அதன் போக்கில் விட்டால் மரமாகிவிடும். இடுப்பளவுக்கு மேசை மாதிரி பரப்பித்தான் வைத்திருப்பார்கள். கொழுந்து பறிக்கிறவர்களிடம் ஒரு நீளக் கம்பு இருக்கும். அதைச் செடிகளின் மேல் படுக்க வைத்து, கம்புக்கு மேலே எட்டிப் பார்ப்பதைக் கிள்ளி, முதுகில் தொங்கும் கூடைக்குள் போடுவார்கள். மட்டக்கம்பு என்று அதற்குப் பெயர். மட்டம் தப்பினால் அடுத்த சுற்றுக் கொழுந்து ஒழுங்காக வராது. அத்தைக்கு அது கையிலேயே ஊறிய பழக்கம். என்னுடைய ஒரு அடி ஸ்கேலை எடுத்து, தாளில் ஒரு வரியின் தலைமேல் படுக்க வைத்தாள். மேனேஜர் பெயர்கள் ஸ்கேலுக்கு மேலே எட்டிப் பார்த்தன.

அடுத்த இரண்டு நாளில் நாலு பக்கத்துப் பெயர்களையும் திரும்பத் தட்டினாள், எல்லாவற்றையும் சின்ன எழுத்தில். எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்டைல். துரை, துரைக்கு முந்தின துரை, ஆபீஸ்காரர்கள், டிரைவர், கவாத்துக்காரர்கள், கொழுந்தெடுத்த பெண்கள், எங்கள் தாத்தா. ஸ்கேலை எந்த வரியில் வைத்தாலும் ஒன்றும் மேலே நீட்டவில்லை.

"துரை திட்ட மாட்டாரா அத்தை?"

"அவரு குடுத்த புத்தகத்துல எப்படி இருக்கு? எல்லாப் பேரும் ஒரே மட்டம். இதே மாதிரி வேணும்னு அவரே எழுதிக் குடுத்திருக்காரு. நான் அதத்தான் செஞ்சேன்" என்றாள். குரலில் கொஞ்சம் பயம் இருந்தது. அதை நான் கேட்டேன், ஆனால் புரிந்துகொள்ளவில்லை.

ப்ரூஃப் பார்க்க எஸ்டேட்டின் பெரிய கிளார்க் வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், அப்பாவுக்கு மேலதிகாரி, என்னை எப்போதும் கண்ணு என்று கூப்பிடுகிற நல்ல மனிதர். சரிவு வரை ஜீப்பில் வந்து, சேற்றில் இறங்கி நடந்து, அந்தப் பக்கம் வேறு வண்டி பிடித்து வந்திருந்தார். கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. துடைத்து மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"அருமையா இருக்குதுங்க அம்மணி. வெளிநாட்டுப் புக்கு கணக்கா இருக்குது" என்றார். ஒவ்வொரு பக்கத்திலும் பச்சை மையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தார். அத்தையின் முகத்தில் எனக்குத் தெரிந்த அத்தனை விளக்கும் எரிந்தது. "சூடா டீ வாங்கிட்டு வாரேன்" என்று குடையை எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்கு இறங்கினாள்.

அந்த மூன்று நிமிஷத்தில்தான் நான் செய்தேன்.

கெட்ட எண்ணம் இல்லை. அவர் கடைசிப் பக்கங்களுக்கு வந்துவிட்டார், ஒன்றும் சொல்லாமல் பேனாவைக் கொண்டுபோகிறார். அத்தை இரண்டு வாரம் பட்ட பாடு அவர் கண்ணில் படவே இல்லையே என்று எனக்குப் பொறுக்கவில்லை. எனக்கு எவ்வளவு தெரியும் என்று காட்டிக்கொள்ளும் ஆசையும் இருந்தது. அதுதான் முக்கால்வாசி.

"மாமா, இதுல எல்லாப் பேரும் ஒரே மட்டம், தெரியுதா? துரை பேரும் எங்க தாத்தா பேரும் ஒரே ஒசரம். வெச்சுப் பாருங்க" என்று ஸ்கேலை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

அவர் சிரித்துக்கொண்டே வைத்துப் பார்த்தார். சிரிப்பு மெதுவாகப் போனது. பேனாவின் மூடியைத் திருகி மூடிச் சட்டைப்பையில் செருகினார். அத்தை இரண்டு கையிலும் டீ கிளாசோடு ஏறி வந்தபோது, அவர் ஸ்கேலைத் தாளின் மேல் வைத்தபடியே நிமிர்ந்தார்.

"ஏனுங்க அம்மணி, துரை எழுதிக் குடுத்தது என்னங்க, நீங்க பண்ணி வெச்சிருக்கறது என்னங்க? பாக்காம நான் கையெழுத்துப் போட்டுப் புக்கு வந்திருந்தா, என்ற வேலையே போயிருக்குமுங்களே!"

அவரும் பயந்துதான் போயிருந்தார். அது எனக்கு இப்போது தெரிகிறது. அத்தை டீயை மேசையில் வைத்தாள். உட்கார்ந்து, ஒரு மணி நேரத்தில் மூன்று ஸ்டைல்களாகப் பிரித்து, பென்சில் குறிப்பில் இருந்தபடியே திரும்பப் போட்டுக் கொடுத்தாள். டீ அங்கேயே ஆறிப்போனது. அந்தச் சமமான நாலு தாள்களையும் கிளார்க் மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு போனார். துரையிடம் காட்டியிருப்பார். பிறகு அவை என்ன ஆயின என்று யாருக்கும் தெரியாது.

புத்தகம் நன்றாகவே வந்தது. துரை பாயைக் கூப்பிட்டுப் பேசினார். அடுத்த வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஓர் ஆபரேட்டர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பாய் அத்தையின் முகத்தைப் பார்க்காமல், "எஸ்டேட்காரங்க வேலைய நம்பித்தான் நம்ம கடை ஓடுதுங்க தங்கச்சி" என்றார். நீலப் புடவை உறையை அத்தை கழற்றி எடுத்துக்கொண்டாள். ரோடு திறந்த முதல் பஸ்ஸில் நாங்கள் இருவரும் எஸ்டேட்டுக்குப் போனோம். வழியெல்லாம் எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள். "அந்த மனுசனுக்குக் கண்ணு ரொம்பக் கூர்மை புள்ள. ஸ்கேல் வெச்சுப் பாக்கணும்னு யாருக்குத் தோணும்?" என்றாள். நான் சுளையை விழுங்கினேன். தூங்குவது போல அவள் தோளில் சாய்ந்துகொண்டேன்.

வீட்டில் அப்பா குதித்தார். "துரைக்குச் சமமா நம்ம அய்யா பேரப் போடப் பாத்தியா? அவ்வளவு திமிரா உனக்கு? என் வேலையும் போயிருந்தா?"

"நான் யாரையும் ஒசத்தல. மட்டம் பாத்தேன், அவ்வளவுதான்" என்றாள் அத்தை.

யாரும் நம்பவில்லை. அப்பா அதைத் திமிர் என்று நினைத்தார். பாய் அதைக் கவனக்குறைவு என்று நினைத்தார். வளர்ந்த பிறகு நான் அதைப் புரட்சி என்று நினைத்து, கல்லூரியில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நாங்கள் எல்லோருமே தப்பு. அவளுக்குத் தன் வேலை சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதுவரை அவள் கற்ற ஒரே அளவுகோல் மட்டக்கம்பு. பெரியவர்கள் அதற்கு ஆளுக்கொரு காரணம் ஒட்டிவிட்டார்கள்.

அத்தை அதற்குப் பிறகு விசைப்பலகையைத் தொடவில்லை. காப்பகத்தில் இருபத்து மூன்று வருஷம் பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சினாள். நான் பக்கம் அமைக்கிற தொழிலுக்கே வந்து சேர்ந்தேன். ஒவ்வொரு முறை எஸ்டேட்டுக்குப் போகும்போதும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். அவள் அந்தக் கிளார்க்கின் கூர்மையான கண்ணைப் பற்றிப் பேசுவாள். நான் வாயை மூடிக்கொள்வேன். எனக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

இப்போது நான் வேலை செய்யும் அமைப்பில் எல்லாம் கட்டளைதான். எழுத்துருவின் பெயரைச் சொல்லி, அதனுள் இருக்கும் குட்டைப் பெரிய எழுத்துகளைத் திற என்று ஒரு வரி எழுதினால் வந்து நிற்கின்றன. வடிவமைத்தவரே கனம் பார்த்து வரைந்து வைத்திருக்கிறார். எழுபத்தெட்டு சதவீதமும் ஸ்பிரிட்டும் பஞ்சும் வேண்டியதில்லை. நீங்கள் எல்லோரும் சோம்பேறித்தனமாகப் பெயர்களைச் சின்ன எழுத்திலேயே தட்டிக் குழுவில் அனுப்பியிருந்தீர்கள். அது எனக்கு வசதியாகப் போயிற்று. பட்டியல் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது.

உங்கள் கூச்சலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கங்களை அச்செடுத்துக்கொண்டு அத்தையைப் பார்க்கப் போனேன். இப்போது குன்னூரில், ரயில் பாதைக்கு மேலே, ஒரு சின்ன வீட்டில் இருக்கிறாள். எழுபது தாண்டிவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். வெளியே மழை. தாளை வாங்கி, முதலில் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "ஆறிப்போச்சு" என்றாள். பிறகு அதைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கினாள்.

"தடிமன் சரியா இருக்கு. குட்டையும் சரி" என்றாள். எனக்குப் பரீட்சையில் பாசானது போல இருந்தது.

பின்னல் ஊசி ஒன்றை உருவி, தாளில் வரி வரியாகப் படுக்க வைத்துக்கொண்டே வந்தாள். மூன்றாவது பத்தியில் ஊசி நின்றது.

"இது யாரு? இந்த ஒண்ணு மட்டும் மட்டத்துக்கு மேல நிக்கிது."

குனிந்து பார்த்தேன். உங்களில் ஒருவர்கூட அதைக் கவனிக்கவில்லை; அவரவர் அவரவர் பெயரைத்தான் பார்த்திருக்கிறீர்கள். அது என் பெயர். தொகுத்தவர் என்று முகப்புப் பக்கத்துக்காகப் பெரிய எழுத்தில் தட்டியதை அப்படியே எடுத்துப் பட்டியலிலும் ஒட்டியிருந்தேன். பெரிய எழுத்தில் தட்டினால் அது தொடாது. பன்னிரண்டு வயதில் கற்ற பாடம்.

"நான்தான் அத்தை" என்றேன். அதோடு நிறுத்த முடியவில்லை. "அன்னிக்கு அவரு கையில ஸ்கேல எடுத்துக் குடுத்ததும் நான்தான். அவருக்குக் கண்ணு கூர்மையெல்லாம் இல்ல. அவரு கையெழுத்துப் போட இருந்தாரு. நான்தான் காட்டினேன்."

அத்தை என்னைப் பார்க்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே ரயில் ஒன்று மெதுவாக ஏறிப் போனது, அதன் புகையும் மூடுபனியும் எது எது என்று தெரியாமல் ஜன்னலுக்கு வந்தது.

"அப்ப அந்த ஆளு பாக்கவே இல்லையா?" என்றாள் கடைசியில்.

"இல்ல அத்தை."

"கையெழுத்துப் போட்டிருப்பாரா?"

"போட்டிருப்பாரு."

"அப்ப நான் செஞ்சது அவ்வளவு நல்லா இருந்திருக்கு" என்றாள். அவள் சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன், அதனால் சரியாகப் பார்க்கவும் முடியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஊசியைத் திரும்ப அந்த வரியில் வைத்தாள். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் என் பெயரின் மேல் கொண்டுவந்து, ஊசிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்ததைக் கிள்ளினாள். கிள்ளியதைத் தோளுக்குப் பின்னால், அங்கே இல்லாத கூடைக்குள் போட்டாள்.

"இப்ப சரி. போய் மறுபடி தட்டு" என்றாள்.